பூங்கோதை எந்தப் பக்கம்

ஒகாடா முதலில் எடுத்துக்கொண்டது என் மச்சினன் குமரவேலை. ஷோகியில் அதுதான் முறை. நம் சதுரங்கத்துக்கு உறவான ஜப்பான் பலகையாட்டம் அது. வெட்டுப்பட்ட காய் செத்துப்போகாது. வெட்டியவர் பக்கம் சேர்ந்து அவருக்காக ஆடும். அதை வீடியோ கேமாகப் போட்டிருந்தார்கள். சரவணம்பட்டியில் எங்கள் வீட்டு டிவியில் இணைத்ததும் எனக்கு எதிராக ஆடும் ஒகாடா திரைக்குள் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். என் குதிரையை வெட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த குமரவேல் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என்னைப் பார்த்து உட்கார்ந்தான்.

ஷோகியில் இரண்டு தரப்புக்கும் காய்கள் ஒரே நிறம். கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் ஆள் யாருடையவன் என்று தெரியும். எங்கள் வீட்டில் எல்லோரும் டிவியைப் பார்த்தபடி சாப்பிடுகிறவர்கள். அதனால் எதிரியைக் கண்டுபிடிப்பது சுலபம்.

"மச்சான், மொகம் வாடிக் கெடக்குதே, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றான் குமரவேல்.

வேவு பார்க்கிறான் என்று புரிந்தது.

"நல்லாத்தான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ராஜாவை ஒட்டி நிற்கும் தங்கத் தளபதியை ஒகாடா வெட்டினார். என் மனைவி பூங்கோதை குழம்புச் சட்டியை மேஜையில் வைத்துவிட்டு, டிவிக்கு முதுகு காட்டி என் எதிரே உட்கார்ந்தாள். அவள் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. நான் அதைப் பார்த்ததில்லை.

"இது எப்ப வந்துச்சு?"

"கண்ணாலத்துக்கு முன்னாலயே இருக்குதுங்க" என்றாள். "ஏனுங்க, கொழம்பு நல்லாருக்குதுங்களா?"

இதுவரை அவள் கேட்காத கேள்வி. நல்லாயிருக்கிறது என்றால் என் பலவீனம் ஒகாடாவுக்குத் தெரிந்துவிடும்.

"இருக்குது" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் பேசினாள். முழங்கால் வலி, மாடி ஏறும்போது வரும் பயம், கார் ஓட்டப் பழக ஆசைப்பட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டது. என் தரப்பில் இருந்தபோது இதில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. ஒற்றர்கள் முதலில் தங்களைப் பற்றித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சாப்பாட்டு நேரம் எப்போது வரும் என்று ஆபீசில் இருந்தபடியே பார்க்க ஆரம்பித்தேன். அதையும் சந்தேகப்பட்டேன்.

பிறகு ஒகாடா ஒரு தவறு செய்தார். தங்கத் தளபதியை என் தேருக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். வெட்டினால் பூங்கோதை என் பக்கம் வந்துவிடுவாள். நாற்காலியைத் திருப்பி டிவியைப் பார்த்து உட்காருவாள்.

"என்னங்க யோசனை?" என்றாள், முருங்கைக்காயை விரலால் பிளந்தபடி.

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு. முழங்கால் இப்ப எப்படி இருக்குது?"

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் தேரைத் தொடாமல், ஓரத்தில் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். திரைக்குள்ளிருந்து ஒகாடா என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

அவர் முறை வந்தபோது, என்னிடம் வெட்டிய குதிரையை என் எல்லைக்குள் நுழைத்தார். எதிரியின் எல்லைக்குள் நுழைகிற காய்க்குப் பதவி உயரும். குமரவேல் சார்ஜர் எடுக்க என் அறைக்குள் போனான். திரும்பி வரும்போது தன்னுடைய அண்ணனாக வந்தான். அவனுக்கு அண்ணன் கிடையாது. வந்தவர் என்னைவிட மூத்தவராக இருந்ததால் நான் எழுந்து நின்றேன்.

"வாங்கண்ணா, பயணமெல்லாம் சௌகரியமுங்களா?" என்று பூங்கோதை அவருக்குத் தட்டு வைத்தாள்.