முதலியார்பேட்டைக்கு வராத எல்டர் ஜென்சன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவம், தரிசனம் என்று பிற்பாடு யாரும் என்மேல் பழி போடக் கூடாது.

லாஸ்பேட்டையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை என்று இரண்டு பையன்கள் வந்தார்கள். கடைக்காரர் கேட்காமலே டீயை ஆற்றி நீட்டினார். "நாங்க டீ, காப்பி குடிக்கிறதில்லைண்ணே" என்றான் ஒருவன். மார்மன் சபைப் பிரசங்கிகளாம். இரண்டு வருஷம் வீட்டை விட்டு வந்து ஊர் ஊராகப் போதிக்க வேண்டுமாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "உனக்கு இதுலெல்லாம் நிஜமாவே நம்பிக்கை இருக்கா?" என்று கேட்டேன்.

"நம்பிக்கைன்னு இல்ல சார். எனக்குத் தெரியும்" என்றான்.

அவ்வளவுதான். பஸ் வந்தது, போய்விட்டான். அந்த வயதில் என் சைக்கிள் சாவி எங்கே கிடக்கிறது என்றுகூட எனக்கு உறுதியாகத் தெரிந்ததில்லை. ஒருவன் இருபது வயதில் 'தெரியும்' என்கிறான் என்றால், ஒன்று அவன் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறான், இல்லாவிட்டால் நான் இதுவரை பார்க்காத எதையோ பார்த்திருக்கிறான். இரண்டில் எது என்று கண்டுபிடிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "1934ஆம் ஆண்டு, கீழ்த்திசையின் மர்மங்களைத் தேடிப் புதுச்சேரிக் கரையில் கால்வைத்த எல்டர் ஜென்சன்..." (அடித்துவிட்டேன். முதலியார்பேட்டையில் மர்மம் இருப்பது முதலியார்பேட்டைக்காரர்களுக்கே தெரியாது.)

தொடக்கம் இரண்டு: "எல்டர் ஜென்சனுக்கு வயிற்றுப்போக்கு." (உண்மைதான். ஆனாலும் ஒரு நல்ல பிள்ளையைக் கதைக்குள் இப்படியா அழைத்து வருவது?)

ஏன் அந்தக் காலம் என்று கேட்பீர்கள். இன்றைக்கென்றால் மனசு சரியில்லாதபோது அம்மாவுக்கு போன் போட்டுவிடுவான். எனக்கு அவன் தப்பிக்க வழியில்லாமல் வேண்டும். அந்த நாளில் மார்மன் சபைக்காரர் யாரும் புதுச்சேரிக்கு வந்ததாக நான் படித்ததில்லை. வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் வரவழைக்கிறேன்.

3

எல்டர் என்றால் மூப்பர். பட்டம்தான் மூப்பர், முகத்தில் இன்னும் மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. ஜென்சன் அமெரிக்காவில், யூட்டா மலைப் பக்கத்துப் பண்ணையில் பசு கறந்து வளர்ந்தவன். மதராஸில் ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்துவிட்டுப் புதுச்சேரிக்கு வந்தான். கூட எல்டர் ரிக்ஸ். இருவரும் எங்கே போனாலும் சேர்ந்தே போக வேண்டும் என்பது சபை விதி. ரிக்ஸுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் பிரசங்க உற்சாகம் இரண்டு ஆளுக்குக் காணும்.

விடியும்போது கயிற்றுக் கட்டிலருகே முழந்தாளிட்டு ஜெபம். பிறகு வேதம். தங்கள் சட்டையைத் தாங்களே துவைத்து, ஈரம் காயுமுன் மாட்டிக்கொண்டு, கோட்டும் தொப்பியுமாக வெயிலில் இறங்குவார்கள். ஆளை உட்காரவைத்துத் தள்ளிப் போகும் புஷ் வண்டிக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் நடந்து போவதை அவர்கள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வாடகை அறையில் இருவர் மட்டும் திருவிருந்து நடத்துவார்கள். பேக்கரி ரொட்டியைப் பிட்டு, திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீர் குடிப்பார்கள். பிரெஞ்சுக்காரன் ஊரில் வந்து திருவிருந்துக்குத் தண்ணீர் குடிக்கும் சபை எப்படி உருப்படும் என்று ஊர் சிரித்தது.

வீடு வீடாகக் கதவைத் தட்டி, பேசி முடிக்கும்போது ஜென்சன் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "இது சத்தியம் என்று நான் அறிவேன்." சபையில் எல்லாரும் சொல்வதுதான். அவனும் வாசலுக்கு வாசல் சொன்னான். ஒரு வாசலிலும் அது அவனுக்கு உறைக்கவில்லை. ஊரில் அப்பா சொல்லும்போது குரல் தழுதழுக்கும். தனக்கு ஏன் ஒன்றுமே ஆகவில்லை என்று அவன் பயந்தான். பொய்சாட்சி சொல்லிக்கொண்டே இரண்டு வருஷத்தையும் ஓட்டிவிடுவோமோ என்ற பயம் அது. ரிக்ஸிடம் சொல்ல முடியாது. அம்மாவுக்கு எழுதவும் முடியாது.

இதுவரை அவர்கள் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. கடல் பக்கத்திலேயே இருந்தும் ஒரு ஆள் முங்கவில்லை.

4

(இந்த இடத்தில் கதை படுத்துவிட்டது. யோக்கியமான பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சண்டை போடமாட்டான், சாராயம் தொடமாட்டான். தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் டீக்கடைதான் கைகொடுத்தது.)

முதலியார்பேட்டையில் ஆலைத் தொழிலாளர் குடியிருந்த சந்து. அங்கே அந்தோணிமேரி என்றொரு கத்தோலிக்கப் பெண். புருஷன் அல்போன்ஸ் ஆலையில் தறி ஓட்டுகிறவன். வீடு தேடி வந்துவிட்டார்களே என்று அவள் கிளப்புக் கடையிலிருந்து காப்பி வாங்கி வந்து நீட்டினாள். ஜென்சன் கும்பிட்டு மறுத்தான்.

அந்தோணிமேரியின் முகம் மாறிவிட்டது. அந்தச் சந்துக்காரர் வீட்டில் கை நனைக்காதவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். மாதா கோயிலிலேயே அவர்களுக்கு உட்காரத் தனி இடம்தான்.

"புரியுது முசே. எங்க வூட்ல குடிக்க மாட்டீங்க. அத மொதல்லயே சொல்லிருந்தா காச கரியாக்கிருக்க மாட்டேன்" என்றாள். பிரெஞ்சுக்காரரைக் கூப்பிடும் அதே 'முசே'தான். ஆனால் அதிலிருந்த கசப்பு முன்ஷி கற்றுக்கொடுக்காதது.

ஜென்சனுக்கு அரை நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் காது வரை சிவந்துவிட்டது. "அம்மா, எங்கள் சபையில் காப்பி விலக்கு. தங்கள் பானையிலிருந்து தண்ணீர் தருவீர்களா? மிகுந்த தாகமாயிருக்கிறது" என்று அச்சடித்த தமிழில் கேட்டான்.

அவள் சந்தேகத்தோடு சொம்பில் மொண்டு கொடுத்தாள். அண்ணாந்து குடிக்கத் தெரியாமல், வாய் வைத்தே கடகடவென்று குடித்தான். இன்னொரு சொம்பும் கேட்டான். சந்தே எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து அந்தச் சந்தில் இருவருக்கும் எந்தக் கதவும் சாத்தியிருக்கவில்லை. மதம் மாற யாரும் தயாரில்லை, அது வேறு விஷயம். "புள்ளைங்க, பாவம், பேசிட்டுப் போவட்டும்" என்று விட்டார்கள்.

5

அந்தோணிமேரியின் துக்கத்தை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்து எழுதிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

முந்தின வருஷம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி ராஜாம்பாள் வேறு மதத்துக்காரி. குழந்தைக்கு மூச்சுத் திணறியது. சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அல்போன்ஸ் சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்ததுதான். ஆனால் பதற்றத்தில் அது ஞாபகம் வரவில்லை. பங்குச் சாமியாரை அழைத்துவரக் கோயிலுக்கு ஓடினான். இருவரும் இரைக்க இரைக்க ஓடிவந்து சேர்ந்தபோது குழந்தை போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியேதான் குழி. அதற்கு நரகம் இல்லை, ஆனால் கடவுளின் முகத்தையும் பார்க்க முடியாது, எங்கோ ஓரிடத்தில் தனியாக இருக்கும் என்று அந்த நாளில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த 'எங்கோ ஓரிடம்' அந்தோணிமேரியைத் தின்றது. அல்போன்ஸோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள். வாய் மட்டும் திறப்பதில்லை. அவனும் கேட்பதில்லை. தப்பு தன்னுடையது என்று அவனுக்கு நிச்சயம்.

(நியாயமாகப் பார்த்தால் அவளுக்கும் அந்த ஞாபகம் வரவில்லைதானே? அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் பேச முடியவில்லை.)

6

ஒரு மத்தியானம் அவளே வாசலில் வழிமறித்தாள்.

"முசே, ஒண்ணு கேக்கணும். எங்க சாமியாருகிட்டயும் கேட்டேன். நல்ல மனுசன், பொய் சொல்ல வரல அவருக்கு. 'கடவுள் இரக்கமுள்ளவரும்மா, வேண்டிக்க'ன்னு சொல்லிட்டுக் கண்ணத் தொடச்சிக்கினாரு. எம் புள்ள இப்ப எங்க இருக்குது? ஒங்க வேதத்துல இன்னா எழுதிருக்குது?"

ரிக்ஸுக்குப் பாதி புரிந்தது. பாதியே போதும். ஜென்சனின் முழங்கையைப் பிடித்து இங்கிலீஷில் கிசுகிசுத்தான்: "இதுதான் நேரம். குடும்பம் என்றென்றும் சேர்ந்திருக்கும் என்று சொல். அதற்கு முதல் படி ஞானஸ்நானம் என்று சொல். இன்றைக்கே சம்மதிப்பாள்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவர்கள் சபை போதிப்பதுதான். அந்த வரிசையில் சொன்னால் அவள் அப்படியே எழுந்து கடலுக்கு நடந்துவிடுவாள் என்று ஜென்சனுக்குத் தெரிந்தது. ஊருக்குத் தலைநிமிர்ந்து போகலாம், அப்பாவிடம் சொல்லலாம். ஆனால் தன் பிள்ளையை மீட்கக் கேட்ட விலை என்றுதான் அவள் காதில் அது விழும்.

(இங்கே அவனுக்கு ஊரில் செத்துப்போன ஒரு தம்பியைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். 'அவன் கண்முன் அந்தச் சின்னஞ்சிறு சவப்பெட்டி' என்று எழுதவும் செய்தேன். அடித்துவிட்டேன். காரணம் காட்டினால் கதை சுலபமாகிவிடும். அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.)

ஜென்சன் தொப்பியைக் கழற்றினான்.

"அம்மா, உங்கள் குழந்தை கடவுளிடத்தில் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமே வேண்டியதில்லை, அவர்களிடம் பாவமில்லை என்று எங்கள் வேதம் சொல்லுகிறது. தண்ணீர் ஊற்றாதது உங்கள் குற்றமல்ல. உங்கள் புருஷனுடைய குற்றமும் அல்ல. நீங்கள் எங்கள் சபைக்கு வந்தாலும், வராவிட்டாலும், குழந்தை அங்கேதான் இருக்கும்."

"நெசமாவா?"

"நான் அறிவேன்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. வாசலுக்கு வாசல் சொன்ன அதே வார்த்தை. இந்த முறை அவன் அதைச் சொல்லவில்லை, அது அவனைச் சொல்லிவிட்டது. மயிர் சிலிர்த்தது. சந்தில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது, யாரோ உலக்கை போட்டுக்கொண்டிருந்தார்கள், வெயில் அதே வெயில்தான். அத்தனைக்கும் நடுவே, பார்க்கவே முடியாத ஒன்றைக் கண்ணால் கண்டவன்போல அவன் நின்றான். பயமாக இருந்தது. அழுகை வந்தது. நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது, யாருக்கு என்று கேட்டால் அவனுக்கு அதிலும் சந்தேகமில்லை.

எழுதிக்கொண்டிருந்த என் கையும் நின்றுவிட்டது. எனக்குச் சாமி பக்தி பாதி நாள் உண்டு, பாதி நாள் கிடையாது. இந்தப் பையனை நான்தான் செய்தேன். அவனுக்குத் தமிழ் கொடுத்தேன், தாகம் கொடுத்தேன். இதை நான் கொடுக்கவில்லை. எங்கிருந்து வாங்கிக்கொண்டான் என்று சத்தியமாகத் தெரியாது. மேஜையை விட்டு எழுந்து, என் வீட்டிலேயே கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

7

இனி முடிவுகள்.

(அ) அந்தோணிமேரி மனம் மாறுகிறாள். அலையில் முங்கி எழுகிறாள். ரிக்ஸ் பாடுகிறான். (மூன்று பக்கம் எழுதினேன். அலை நன்றாக வந்திருந்தது. ஆனால் வரவேண்டும் என்று அவன் சொல்லவில்லையே? அவள் ஏன் வருவாள்? அடித்துவிட்டேன்.)

(ஆ) ரிக்ஸ் கோபித்துக்கொள்கிறான். கையில் வந்த ஆத்துமாவை விட்டுவிட்டாய் என்கிறான். ஜென்சன் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமலே கப்பலேறுகிறான். (இது நடக்கிறது. ஆனால் முடிவு இதுவல்ல.)

(இ) அன்றைக்கு வாசலில் நடந்ததன் மிச்சம்:

அந்தோணிமேரி நிமிர்ந்து பார்த்தாள். 'முசே' போய்விட்டது.

"அப்ப, தம்பி... அதுக்குப் பேரு வெக்கலாமா?"

ஞானஸ்நானத்தில்தான் பெயர் வைப்பார்கள். தண்ணீர் இல்லை, அதனால் பெயரும் இல்லை. இவ்வளவு நேரமும் நானே 'குழந்தை, குழந்தை' என்றுதான் எழுதிவந்திருக்கிறேன். அவள் கேட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

"வைக்கலாம் அம்மா. என்ன பெயர்?" என்றான் ஜென்சன்.

அவள் வாய்வரை வந்துவிட்டது. தலையை ஆட்டினாள். "ஒனக்குச் சொல்லமாட்டேன். அவரு மொதல்ல கேக்கணும். ஆலவிட்டு வரட்டும், சொல்றேன்."

ஆலைச் சங்கு ஊதியது. தலையெல்லாம் பஞ்சோடு அல்போன்ஸ் சந்துக்குள் திரும்பினான். வாசலில் அவள் நிற்பதைப் பார்த்துப் பயந்துபோய் நடையை மெதுவாக்கினான். ஜென்சன் ரிக்ஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்பால் போய்விட்டான். நானும் போனேன்.

அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் வைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. இந்தக் கதையில் எல்லாருக்கும் நான்தான் பெயர் வைத்தேன். இதற்கு வைக்கமாட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் புருஷனைப் பார்த்து வாய் திறக்கிறாள். அல்போன்ஸ் அதைக் கேட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறான். அது மட்டும்தான் எனக்கு இங்கிருந்து தெரிகிறது.

அவள் சொன்ன பெயர்: 

அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். உங்களிடமும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு பெயர் இருந்தால், நிரப்பிக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். முதலில் கேட்க வேண்டியவர் உங்கள் வீட்டில் இருப்பார்.