பதினாலரைக் கிலோ

கம்பம் பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் நத்தர்ஷாவுக்கு மலை அத்துப்படி என்று ஊரே நம்பியது. முப்பது வருஷமாக வாரம் இரண்டு தடவை கம்பம்மெட்டு ஏறிக் காய் வாங்கி வருகிறவர் அவர். அந்த முப்பது வருஷமும் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்துதான் ஏறினார் என்பதை ஊரும் மறந்துவிட்டது, அவரும் மறந்துவிட்டார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் மிஸ்பா, அம்மா ரொம்ப நாளாக ஆசைப்படுகிறாளே என்று ஐந்து நாள் மலைநடைக்கு இரண்டு பேர் பதிவு செய்தபோது, உங்கம்மாவை நான் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன் என்று மார்தட்டிக்கொண்டார்.

அறுபத்தெட்டு கிலோமீட்டர். ஐந்தாம் நாள் உச்சியிலுள்ள புல்மேட்டில் ஏறிவிட்டுக் கீழே இறங்க வேண்டும். அந்தப் புல்மேட்டில் நின்று பள்ளத்தாக்கு முழுவதையும் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் மனைவி ரஃபியாவின் ஆசை. நாற்பத்தெட்டு வயதில் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

அடிவாரத்தில் வழிகாட்டி ஈஸ்வரபாண்டி எல்லோருடைய பையையும் தொங்குதராசில் மாட்டி எடை பார்த்தான். ஆள் ஒல்லி, பேச்சு கறார். அவரவர் சுமையை அவரவர்தான் சுமக்க வேண்டும், முடியாதவர்கள் மூன்றாம் நாள் அரிசி பருப்பு ஏற்றிவரும் ஜீப்பில் இறங்கிவிடலாம், அதற்குப் பிறகு இறங்க வழி கிடையாது என்றான். சொல்லும்போது அவன் கண் நத்தர்ஷாவின் தொப்பையில் நின்றது. நத்தர்ஷா அதைக் கண்டுகொள்ளாமல் தன் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, பதினொன்று இருநூறு என்றார். தராசும் பதினொன்று இருநூறு என்றது. ரஃபியாவின் பையைத் தூக்கி ஒன்பதரை என்றார். அதுவும் சரி. கூட வந்திருந்த இளம் ஜோடி, அல்லிநகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜோயலும் ஜெபஷீலாவும், வாயைப் பிளந்தார்கள். காய் மூட்டையைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை, நூறு கிராம் பிசகாது என்று விளக்கம் வேறு கொடுத்தார்.

கைக்குத் தெரிந்தது முதுகுக்குத் தெரிய வேண்டுமே. முதல் நாள் மலை மனிதரைப் பிழிந்து எடுத்துவிட்டது. புது ஷூ குதிகாலைக் கடித்தது, அட்டை கணுக்காலைக் கடித்தது, வலது முழங்கால் ஒவ்வொரு மேட்டுக்கும் தனியாக முறையிட்டது. பத்தடிக்கு ஒருதரம் நின்று, காட்சியை ரசிப்பதுபோல் மூச்சு வாங்கினார். சாயங்காலம் கூடாரத்துக்குள் காலை நீட்டியபோது அவர் மனதில் இருந்ததெல்லாம் அந்த அரிசி ஜீப்தான். முன்சீட்டோடு தெரிந்தது.

மூன்றாம் நாள் இறங்க வேண்டியிருக்கும் போல என்று ரஃபியாவிடம் தணிந்த குரலில் சொன்னார். அவர் இறங்கினால் அவளும் இறங்க வேண்டியதுதான். அது அவருக்கே உறுத்தியது. ரஃபியா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

இரண்டாம் நாள் அதிசயம் நடந்தது. முதல் நாளைப்போலவே ரஃபியா பையைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்க, நத்தர்ஷா சட்டை போடுவதுபோல் இரண்டு கையையும் நுழைத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி நேரம் நடந்தும் மூச்சு வாங்கவில்லை. முழங்கால் முனகியதே தவிரக் கத்தவில்லை. உடம்பு மலைக்குப் பழகிவிட்டது என்று முடிவு கட்டினார். மத்தியானத்துக்குள் ஜோயலுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். மூச்சை மூக்கால் இழுக்க வேண்டும், முன்பாதத்தை ஊன்ற வேண்டும், முக்கியமாக மனசு வேண்டும். ஜோயல் தலையாட்டினான். ஜெபஷீலா மட்டும் ஏனோ ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். சோலைக்குள் வெயில் துண்டு துண்டாக விழுந்தது, காட்டு ஏலத்தின் வாசனை வந்தது, நத்தர்ஷாவுக்கு வாழ்க்கை இனித்தது.

மூன்றாம் நாள் அவர்தான் முதல் ஆள். ஜீப் ரோட்டோரம் இருந்த பழைய எஸ்டேட் கொட்டகைக்குப் பதினொரு மணிக்கே வந்து சேர்ந்து, பையை முதுகிலிருந்து சரித்துப்போட்டு, ஒரு பாறையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஜீப் கீழே வளைவில் முக்கிக்கொண்டு வருவது கேட்டது. அதைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். ரஃபியா வந்து தன் பையையும் அவர் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முகம் கழுவ ஓடைக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. நனைந்துவிடக் கூடாதே என்று நத்தர்ஷா எழுந்து, இடது கையில் தன் பையையும் வலது கையில் அவள் பையையும் தூக்கினார்.

தூக்கியவர் அப்படியே நின்றார். இடது கை ஆறு என்றது. வலது கை பதினாலரை என்றது. தன் தலை பொய் சொன்னாலும் சொல்லும், இந்தக் கை சொல்லாது.

கொட்டகைக்குள் கொண்டுபோய் அவள் பையைத் திறந்தார். அவருடைய தூங்கும் பை, மழைக்கோட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர், அவர் பிடிவாதமாக எடுத்துவந்த பேரீச்சம்பழ டப்பா, இரண்டாவது ஜோடிச் செருப்பு, எல்லாம் அதில் இருந்தன. துண்டு எங்கே என்று கேட்டால் துண்டு கைக்கு வரும். அது எந்தப் பையிலிருந்து வருகிறது என்று அவர் வீட்டிலும் பார்த்ததில்லை, மலையிலும் பார்க்கவில்லை. காது மடல் சுட்டது. முன்பாதம், மூக்கு, மனசு என்று ஜோயலிடம் அளந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து மானத்தை வாங்கியது.

நேரே ஓடைக்குப் போனார். ரஃபியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து?" என்றார்.

எது என்று அவள் கேட்கவில்லை. "ரெண்டா நாளு காலையில இருந்து."

"எனக்கு ஏலாதுன்னு முடிவு பண்ணிட்ட."

"மொதல்ல அப்பிடித்தான். நீங்க எறங்கிட்டா நானும் எறங்கணுமேன்னு பயந்து எடுத்தேன்." துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "பெறகு அது இல்லங்க. தூக்கித் தூக்கிப் பாக்க எனக்கு நல்லா இருந்துச்சு. இன்னைக்குக் காலையில நீங்க கேக்காமலே இன்னும் ரெண்டு கிலோ எடுத்து வச்சுக்கிட்டேன். கடையில ஒரு சின்னப் பையக்கூட என்னையத் தொட விட்டதில்ல நீங்க. நான் எம்புட்டுத் தூக்குவேன்னு எனக்கே தெரியாமப் போச்சு."

சண்டைக்கு வந்தவர் ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்தார். பிரியத்தில்தான் அவளைத் தூக்க விடவில்லை. அது உண்மை. அந்தப் பிரியம் அவளிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று இன்றுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை. அவள் முகத்தில் களைப்பைத் தேடினார். அது சிவந்து, ஈரமாக, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறி முடித்த முகம்போல நிறைந்திருந்தது.

எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு வீராப்பாக ஏறலாம். நாளைக்கு வருவதுதான் ஆகச் செங்குத்தான ஏற்றம் என்று ஈஸ்வரபாண்டி சொல்லியிருந்தான். பதினொரு கிலோவோடு பாதி மலையில் முழங்கால் மடங்கினால், அவள் புல்மேடும் அதோடு போயிற்று. ஜீப்பில் ஏறிவிட்டால் மானமாவது மிஞ்சும், அப்போதும் அவள் நடை போயிற்று. இரண்டும் வேண்டாம் என்றால் மிச்சம் இருந்தது ஒரே வழி. அது அவருக்கு மலையைவிடச் செங்குத்தாகத் தெரிந்தது.

ஈஸ்வரபாண்டி ஜீப்பிலிருந்து அரிசி இறக்கிக்கொண்டிருந்தான். ஜோயலும் ஜெபஷீலாவும் பக்கத்தில் நின்றார்கள். நத்தர்ஷா எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார்.

"தம்பி, என் சுமையில பாதிய இவதான் சுமந்துக்கிட்டு வர்றா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். எம்முட்டிக்கு இதுக்கு மேல தாங்காது. உங்க சட்டப்படி நான் எறங்கணும். ஆனா நான் எறங்குனா இவ நடை நின்னுபோகும். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

ஈஸ்வரபாண்டி மூட்டையை இறக்கிவைத்தான். "பாய், இது நேத்தே எங்க எல்லாத்துக்கும் தெரியும். அக்கா இம்புட்டு நாள்ல ஒருதரம்கூடப் பையை எறக்கி வைக்கக் கேக்கல. சுமக்கிறவுக பிராது சொன்னாத்தான் எனக்குச் சட்டம்." அக்காவைப் பார்த்தான். அக்காவிடம் பிராது ஏதும் இல்லை.

நத்தர்ஷா செருப்பையும் பேரீச்சம்பழத்தையும் ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். தண்ணீரை மட்டும் கேட்டு வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். ரஃபியா அதற்கும் கொஞ்சம் முகம் சுளித்துத்தான் கொடுத்தாள்; குறைந்த எடைக்கு ஈடாக, இறக்கிய அரிசியில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஜீப் காலியாக இறங்கிப்போனது.

நாலாம் நாள் ஏற்றத்தில் அவர் கடைசி ஆள். பாடம் நடத்தவில்லை. நின்று நின்று, தடியை ஊன்றி, நிஜமாகவே காட்சிகளைப் பார்த்துக்கொண்டு ஏறினார். தலைக்கு மேலே வளைவில் ரஃபியாவின் நீலப்பை போய்க்கொண்டிருந்தது. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவளுடைய நடையை அவர் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. நல்ல நடை. அவசரமில்லாத, தளராத நடை.

ஐந்தாம் நாள் காலை புல்மேட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பச்சையும் ஓட்டுச்சிவப்புமாக விரிந்து கிடந்தது. ரஃபியா பையைக்கூடக் கழற்றாமல் விளிம்பருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். முக்காடு காற்றில் படபடத்தது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. நத்தர்ஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை அவர் துடைக்கவும் இல்லை.

உச்சியில் சிக்னல் இருந்தது. போன் அடித்தது, மிஸ்பா. நிஜமாகவே முழுக்க ஏறி முடித்துவிட்டீர்களா அத்தா என்று அவளால் நம்ப முடியவில்லை.

"உங்கம்மா ஏறி முடிச்சிட்டா" என்றார் நத்தர்ஷா. "பதினாலரைக் கிலோவோட. நான் கூட வந்தேன்."