செயலாளர் காதில் விசில்

ஊர்க் கால்பந்துக் கழகத்தின் கோச்சிடம் ஆறு மாதம் ஆடியவர்களுக்கு, தப்புக் காரியத்துக்குக் கை நீளும்போதெல்லாம் ஆயுசுக்கும் காதில் விசில் கேட்டது. அவர் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாலும் கேட்டது. மளிகைக்கடைக்காரர் தராசுத் தட்டில் விரலை வைத்தால் கேட்டது. லாரி டிரைவர் குடித்துவிட்டுச் சாவியை எடுத்தால் கேட்டது. மனைவிமேல் கையை ஓங்கியவன் அப்படியே நின்று காதைத் தடவிக்கொண்டான். ஊரில் யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. பெண் கொடுக்கிறவர்கள் மட்டும் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரித்த கையோடு, "கோச்சுகிட்ட ஆடின பையனா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்கள். அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து அவரை வாய்கூசாமல் திட்டினார்கள்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. தன் அணியின் தப்பை நடுவர் கவனிக்காமல் விட்டால், கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச்சே விசிலை ஊதிக் காட்டிக்கொடுத்துவிடுவார். ஓர் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அவருடைய செல்ல ஆட்டக்காரன் பந்தைக் கையால் தட்டிவிட்டு கோல் போட்டான். நடுவர் கோல் கொடுத்தாயிற்று, கூட்டம் குதிக்கிறது, இந்த மனிதர் ஊதினார். கோப்பை கைநழுவிப் போனது. அந்த ஆட்டக்காரன்தான் இருபது வருடம் கழித்துக் கழகத்தின் செயலாளர் ஆனான்.

செயலாளர் ஆன மறுமாதமே கமிட்டியைக் கூட்டினார். "இருநூத்திப் பன்னெண்டு மேட்ச். ஜெயிச்சது முப்பத்தொண்ணு" என்று வாசித்தார். கேலரிக்குக் கீழே இருந்த ஒற்றை அறைதான் கோச்சுக்கும் அவர் மனைவிக்கும் வீடு. வேலை போனால் அதுவும் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"எங்கிட்ட ஆடின பசங்க எப்படி இருக்காங்கன்னு போய்ப் பாருங்க, போதும்" என்றார் கோச்.

"பசங்களப் பாத்து என்ன சார் பண்றது? ஷோகேஸ்ல பசங்களயா வைக்க முடியும்?" என்றார் பொருளாளர். அவருடைய மருமகன் கோச்சிடம் ஆடியவன். நன்றாக விசாரித்துத்தான் பெண்ணைக் கொடுத்திருந்தார்.

நீக்குவதற்கு ஒன்பது கைகள் உயர்ந்தன. அதில் நான்கு, செயலாளருடையதையும் சேர்த்து, கோச் பயிற்சி கொடுத்தவர்களுடையவை. நான்கு பேருக்கும் உடனே விசில் கேட்டது. அவர்கள் திடுக்கிட்டதை எதிரே உட்கார்ந்திருந்த கோச் பார்த்தார், கைகள் இறங்கட்டும் என்று காத்திருந்தார். ஒருவன் மற்ற கையால் காதைப் பொத்திக்கொண்டான். செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்தும் போட்டார்.

அறைக்கு வந்த கோச் ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். "எத்தனையோ தோத்துட்டு வந்திருக்கீங்க, ஒரு நாளும் இப்படி உக்காந்ததில்லையே" என்றாள் மனைவி.

"அவனுங்களுக்குக் கேட்டுச்சு. கேட்டும் கைய இறக்கல" என்றார். அந்த வாரமே இருவரும் மகள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

புதுக் கோச் வந்தார், கோப்பைகள் வந்தன, இரண்டாவது ஷோகேஸ் வாங்கினார்கள். மற்ற மூவருக்கும் ஒரு மாதத்தில் சத்தம் அடங்கிவிட்டது. செயலாளர் காதில் மட்டும் அது இன்றுவரை நிற்கவில்லை. டாக்டர் காதைக் கழுவிப் பார்த்தார், பயனில்லை. பதினோரு வருடம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசுகிறார்கள், டிவியை அலறவிட்டுத்தான் பார்க்கிறார். முதல் வருடம் கொஞ்சம் கஷ்டமாக இருந்ததாம். இப்போது படுத்தவுடன் தூங்கிவிடுகிறார்.