பச்சை பூத்த போன்

"தண்ணியில போட்டுட்டு பொய் சொன்னா போன் நல்லாயிடுமாம்மா?"

கண்டி டவுனில் போன் திருத்தும் விஜேந்திரன் கடை முழுக்கக் கேட்கும்படிதான் கத்தினான். கதிரைகளில் உட்கார்ந்து காத்திருந்த நான்கு ஆண்கள் சிரித்தார்கள்.

"விழவே இல்லங்க தம்பி," என்றார் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த செவனம்மா, தலை நிமிராமல்.

போனைத் திறந்தான். ஈரம் பட்டால் சிவக்கும் ஸ்டிக்கர் சிவந்துதான் இருந்தது. "பாத்தீங்களா!" என்றவன், லென்ஸை வைத்துப் பார்த்ததும் அடங்கிப்போனான். தண்ணீரில் விழுந்த போன் இப்படி இருக்காது. ஒரு ஓரத்தில் மட்டும் பச்சைக் களிம்பு, அதன்மேல் பொடிப்பொடியாக உப்பு. மாதக்கணக்கில் ஊறிய வியர்வை.

"எங்கம்மா வச்சிருப்பீங்க?"

அவர் மேசைமேல் குனிந்து கிசுகிசுத்தார். "சட்டைக்குள்ளதான். கொழுந்து எடுக்கப் போறப்ப வேற எங்க வைக்கிறது? இத்தன ஆம்பளைங்க முன்னால எப்பிடிச் சொல்றது தம்பி?"

விஜேந்திரனுக்கு முகம் எரிந்தது. அவன் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அவர் பஸ் காசை எங்கிருந்து எடுத்துத் தருவார், அந்தத் தாள் எப்படி நனைந்திருக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

இந்தம்மா பொய் சொல்லவில்லை என்று அந்த நால்வரிடமும் சொல்ல வாயெடுத்தான். 'அப்போ தண்ணி எங்கருந்து வந்துச்சு?' என்று ஒருவன் கேட்டால்?

களிம்பைத் தேய்க்கப் பிரஷ்ஷை எடுத்தான். செவனம்மாவுக்குப் பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.