பலகையில் பத்தாவது பெயர்

அப்பாவின் பெயரைப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லத்தான் அதெலா அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள், வேடிக்கை பார்க்க அல்ல. இடிந்து கிடந்த பழைய மர அறுவை மில்லை அதே இடத்தில், அதே மாதிரி நீர்ச்சக்கரத்தோடு திரும்பக் கட்டியிருந்தார்கள். சுற்றியுள்ள காட்டில் நடைபாதை போட்டுப் பூங்காவாக்கியிருந்தார்கள். வாசலில், பனி உருகும் காலத்தில் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஓட்டி வந்த ஆட்களின் பெயர்ப்பலகை. பத்தாவது பெயர் ஒனேசிம் தெரியோ.

"பெத்த பிள்ளைய விட்டுட்டு ஓடினவனுக்குப் பலகை ஒரு கேடா?" என்று காரிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி ஒமேர் சிரித்தான். "உனக்கு அறுபது வயசாச்சுக்கா. அந்த மனுஷன் இன்னுமா ஓடிக்கிட்டு இருப்பாரு?"

அவனுக்கென்ன, சிரிப்பான். அப்பா போனபோது அவன் அம்மா வயிற்றில் இருந்தான். அதெலாவுக்கு ஏழு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று, மே மாதம். ஆற்றிலிருந்து எல்லாரும் திரும்பினார்கள், அப்பா திரும்பவில்லை. காலைச் சாய்த்து நடக்கிற ஒருவன் மாசசூசெட்ஸ் ரயிலில் ஏறியதைப் பார்த்ததாக எவனோ சொன்னான். அப்பாவுக்கு இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. அந்த ஒரு பேச்சே ஊருக்குப் போதுமாயிருந்தது. அம்மா அவர் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினாள். சாகும்வரை அதைத் தொடவில்லை.

மில் ஓட இன்னும் நேரமிருந்ததால் ஒமேர் அவளை நடைபாதையில் இழுத்துப் போனான். ஆறு வேகமாய்ப் பாயும் இடத்துக்கு மேலே, மேட்டில், புதிதாய் வெட்டிய பைன் அடிக்கட்டை ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து செருப்பிலிருந்த கல்லை உதறிக்கொண்டே அப்பாவை இன்னும் கொஞ்சம் திட்டினாள்.

திரும்பி வந்தபோது மில்லுக்குப் பொறுப்பான லூசியன் மரத்தை ஏற்றிவிட்டிருந்தான். அறுத்து முடித்துப் பேசலாம் என்று அவளை உட்காரவைத்தான். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பீன்ஸும், மேப்பிள் பாகு ஊற்றிச் சுருட்டிய ப்லோய் என்ற தோசையும் கொடுத்தார்கள். அவளும் ஒரு சுருளை வாங்கிக்கொண்டாள்.

லூசியன் கவனமானவன். வயலோர மரமென்றால் பட்டாளத்திலிருந்து வந்த கண்ணிவெடி தேடும் கருவியை மேலே ஓட்டிப் பார்க்காமல் ரம்பத்தில் வைக்கமாட்டான். வேலிக்கு அடித்த ஆணி உள்ளே இருக்கும். இது பாதைக்காக வெட்டிய காட்டு மரம். வேலியும் வீடும் இல்லாத இடத்தில் யார் ஆணி அடிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

ரம்பம் மேலும் கீழுமாக மரத்தைத் தின்றுகொண்டு போனது. பாதியில் கிறீச்சென்று ஒரு சத்தம். பொறி பறந்தது, பல் ஒன்று தெறித்துச் சுவரில் குத்தி நின்றது. லூசியன் ஓடிப்போய் மதகை இறக்கினான். சக்கரம் நின்றது. அவனும் ஒமேரும் கடப்பாறை போட்டுப் பலகையைப் பிளந்தார்கள்.

மரத்தின் வயிற்றுக்குள் பூட்ஸ் இருந்தது. ஒரு ஜோடி, கயிறு சேர்த்துக் கட்டியபடி, அடியில் முள்முள்ளாய் இரும்பு ஆணிகளோடு. ஒரு காலத்தில் யாரோ கிளைக் கவட்டில் மாட்டியதை மரம் வளர்ந்து விழுங்கியிருந்தது.

வயதானவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அந்த ஆற்றில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மரம் ஓட்டும்போது முழுகிப்போனவனை, எந்தக் கூட்டத்து ஆள் என்று தெரியாவிட்டாலும், கண்டெடுத்த கூட்டம் கரையிலேயே புதைக்கும். அவன் பூட்ஸைப் பக்கத்து மரத்தில் மாட்டிவிட்டுப் போகும்.

"எந்த ஊர்ப் பிள்ளையோ," என்றான் லூசியன்.

அதெலா கிட்டே போனாள். ரம்பம் இடது பூட்ஸின் அடியை அறுத்துவிட்டிருந்தது. அறுபட்ட இடத்தில் தோல் அடுக்கு தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. குதிரைச் சேணத்துத் தோல். ஒவ்வொரு வசந்தத்திலும் அம்மா அதை அப்பாவின் பூட்ஸில் வைத்துத் தைப்பாள், நூலுக்கு மெழுகு தடவிக் கொடுத்தது அதெலா. அடுக்கின் மேல் விரலை வைத்தாள். சரியாக இரண்டு விரற்கடை.

இன்னொரு கையில் ப்லோய் அப்படியே இருந்தது. பாகு முழங்கை வரை வழிந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"என்னக்கா?" என்றான் ஒமேர்.

"அப்பா ரயிலேறலடா."

ஒமேர் முழுதாயிருந்த வலது பூட்ஸை எடுத்தான். தரையில் உட்கார்ந்து, தன் பாதத்தோடு வைத்துப் பார்த்தான். இருவருக்கும் ஒரே அளவு. உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"இந்த மரம் எங்க நின்னுச்சு?" என்று கேட்டாள் அதெலா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

லூசியன் அவள் உட்கார்ந்த அடிக்கட்டை இருந்த மேட்டுக்குத்தான் கையைக் காட்டினான். காலையிலிருந்து ஊரே நடந்துகொண்டிருந்த பாதை அது. பிறகு, பலகை விஷயமாக வந்தாயே என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பேரு இருக்கட்டும், லூசியன்," என்றாள். "பாதையத் தள்ளிப் போடு."