வாய்க்கால் கரையில் கூப்பிட்ட பிள்ளை

புன்லெர்ட்டுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. தாய்லாந்தில் கோராட் பக்கத்து மெக்கானிக்குகள் அடிபட்ட வண்டியில் கை வைக்குமுன் ஊதுபத்தி கொளுத்தி அனுமதி கேட்பார்கள். அவர் நேராக ஸ்பானரை எடுப்பார். இஞ்சினுக்குள்ளே எண்ணெயும் தண்ணீரும்தான் இருக்கிறது, வேறு யாரும் வாடகைக்குக் குடியிருக்கவில்லை என்பார். வாய்த்துடுக்கு என்றால் அப்படியொரு வாய்த்துடுக்கு.

கடையில்தான் அந்த வீறாப்பு எல்லாம். வீட்டில் மனைவி சயிங் முன்னால் அது எடுபடாது. மூன்று மழைக்காலத்துக்கு முன்பு அவர்கள் ஒரே மகன் அனோனின் கார் வழுக்கி, மரத்தில் மோதி, வாய்க்காலில் சரிந்தது. அப்படிச் சாலையில் போன உயிரைப் போன இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. பெற்றவர்கள் அங்கே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூடவே வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். சயிங் பிக்குகளோடு போய் வாய்க்கால் கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். அவன் வரவில்லை. வந்திருந்தால் ஒரு தடவையாவது அம்மாவின் கனவில் தலையைக் காட்டியிருக்க மாட்டானா?

தினமும் காலையில் எழுந்ததும் அவள் அவரிடம் கேட்பாள். “உங்க கனவுலயாவது வந்தானா?” தூங்கவே நேரமில்லை, இதில் கனவு வேறயா என்று அவர் எரிந்து விழுவார். விழுந்துவிட்டு, கடைக்குப் போகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொள்வார். பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று ஒரு சேதி கிடைத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள். அது கிடைக்காமல் அவள் கண்முன்னே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தாள். பயம் அவருக்கும் இருந்தது. அதை எந்த ஸ்பானரால் கழற்றுவது?

இந்த நிலைமையில்தான் பைரோட் வாத்தியார் தன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அனோன் வைத்திருந்த அதே மாதிரி, ஆறு சிலிண்டர் வண்டி. ரேடியேட்டர் வற்றியதைக் கவனிக்காமல் ஊர் ஊராக ஓட்டியிருக்கிறார் மனிதர். பிரித்துப் பார்த்தால் சிலிண்டர்களுக்கு மேலே உட்காருகிற ஹெட் இரண்டு பக்கமும் வளைந்து, வால்வுக்கு வால்வு வெடிப்பு ஓடியிருந்தது. புதுசு எங்கேயும் கிடைக்காது. பழைய வண்டிகளை உடைத்துச் சாமான் விற்கிற ஹுவாய் அக்காவின் யார்டுதான் கதி.

ஹுவாய் அக்கா சீன வம்சம், பேச்சில் மிளகாய். அவர் கேட்டதும் கையை நீட்டிக் கடைசி வேலியோரம் காட்டினாள். வலப்பக்கம் முழுக்க நசுங்கி, மூக்கு மட்டும் சேதமில்லாமல் ஒரு கார் நின்றது. நம்பர் பலகை இல்லை, பெயின்ட் வெளுத்து என்ன நிறம் என்றே தெரியவில்லை. புன்லெர்ட் பானெட்டைத் தூக்கி, இஞ்சின் மூடியைக் கழற்றினார். ஹெட் போல்ட்டுகளின் தலையில் வரிசையாக மஞ்சள் பொட்டு.

போல்ட்டை முறுக்கி முடித்ததும் மஞ்சள் பெயின்டில் பொட்டு வைப்பது அவர் பழக்கம். அந்த ஊரில் வேறு எவனும் அப்படி வைப்பதில்லை. இந்த மாதிரி வண்டியில் அவர் பிரித்து மாட்டிய இஞ்சின் ஒன்றே ஒன்றுதான், மகனுடையது. பக்கத்தில் நின்று போல்ட்டை எடுத்துக் கொடுத்தது அனோன். விபத்துக்குப் பிறகு வண்டியை எங்கேயாவது கொண்டு தொலையுங்கள் என்று சொன்னவர், எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்கவே இல்லை.

ஹுவாய் அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் பின்னாலேயே ஊதுபத்திக் கட்டோடு வந்து நின்றாள்.

“உன் திமிரெல்லாம் உன் கடையில வச்சுக்க. இதுக்குக் கொளுத்திட்டுத்தான் கை வைக்கணும். என் ஆளுங்க எவனும் இதுகிட்ட வர்றதில்ல.”

ஏன் என்று கேட்டார்.

“மத்தியானம் எல்லாரும் சோத்துக்குப் போனதும் சத்தமே இருக்காதுல்ல, அப்ப உள்ளருந்து ஒரு பையன் கேப்பான். வந்தாச்சா, வந்தாச்சான்னு. நானே கேட்டிருக்கேன்பா. பயமா இல்ல, பாவமா இருக்கும்.”

மீதியையும் அவளாகவே சொன்னாள். வண்டியை இழுத்து வந்தது அவள் தங்கை புருஷன். வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம். தகட்டை அறுத்துப் பையனை எடுக்க நேரமில்லை என்று அவனோடு சேர்த்தே வண்டியைச் சாலைக்கு இழுத்து, அறுக்கிற கருவி இருக்கிற இடத்துக்கு மெதுவாகக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

“உசுரு இருந்துச்சு அவனுக்கு. மீட்புக்காரன் ஒருத்தன் ஜன்னல் வழியா கையப் புடிச்சுக்கிட்டே, வீட்டுக்குத்தான் தம்பி போறோம், பொறுத்துக்கன்னு சொல்லிட்டே வந்தானாம். இவன் வந்தாச்சா வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே வந்து, பாதி வழியில அடங்கிட்டான்.”

மோதின அடியிலேயே போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்றுதான் பெற்றவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நல்ல மனசோடு சொன்ன பொய். அதை நம்பித்தான் சயிங் கரையில் நின்று கூப்பிட்டாள். தண்ணீரிடமும் மரத்திடமும் கூப்பிட்டிருக்கிறாள். பிள்ளை அங்கே இல்லவே இல்லை. வீட்டுக்குத்தான் போகிறோம் என்ற பேச்சை நம்பி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், மூன்று வருஷமாக, இந்தத் துருக்காட்டில்.

புன்லெர்ட் ஊதுபத்தியை வாங்கினார். ஹுவாய் அக்காதான் கொளுத்திக் கொடுத்தாள். இன்னைக்கு மழை கொட்டப்போகுது என்று கேலி பண்ண ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஓரத்து போல்ட்டிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். தூங்குகிற குழந்தையின் சட்டையைக் கழற்றுகிற பதமாகத்தான் கழற்றினார். ஹெட் இரண்டும் பழுதில்லாமல் வந்தன. தண்ணீர் ஓடுகிற துளைகளில் வாய்க்கால் சேறு காய்ந்து அடைத்திருந்தது. அதைச் சுரண்டும்போது அழுதார். பார்க்க யாருமில்லை என்பதால் நன்றாகவே அழுதார்.

பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான வேலை. லேத்தில் கொடுத்து முகம் சமன் செய்து, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்து, புது கேஸ்கட் போட்டு, வாத்தியார் வண்டியில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்கி ஏற்றினார். சயிங்கிடம் மூச்சு விடவில்லை. பிள்ளை அந்த ஹெட்டோடு கூடவே வந்திருப்பானோ என்று சொல்லி, அவள் ஆசையை வளர்த்து, கடைசியில் ஒன்றுமில்லை என்றாகிவிட்டால் அவள் தாங்கமாட்டாள். தான் நம்புகிறோமா இல்லையா என்பதே அவருக்கு விளங்கவில்லை. சாவியைத் திருப்பியதும் இஞ்சின் ஒரே பிடியில் எடுத்து, பிசிறில்லாமல் ஓடியது. சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி வாத்தியாருக்குப் போன் பண்ணிவிட்டு, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்.

நல்ல மத்தியானம். சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது. ஏ.சி. துவாரத்திலிருந்து மெல்ல வாய்க்கால் சேற்று வாடை வந்தது. அத்தனை கழுவியும் எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கடைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், வீட்டுத் தெருவுக்கு வண்டியை ஒடித்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பக்கத்து சீட்டைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. தெருமுனையில், வாயைத் திறந்து, தன் காதுக்கே கேட்டும் கேட்காமலும், “இதோ வந்துட்டோம்ப்பா” என்றார்.

சயிங் வாசல் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தெரியாத வண்டி ஒன்று வந்து நிற்கவும் நிமிர்ந்தாள். புன்லெர்ட் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி அவரைத் தாண்டி, காரைச் சுற்றி, மறுபக்கக் கதவுக்குப் போய்க் குனிந்தாள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்திய கையை எடுத்தாள்.

“ஏன்டா இப்பிடி எளச்சுப் போய்ட்ட?” என்றாள்.

புன்லெர்ட் சாவியைப் பிடித்தபடி நின்றார். நின்ற இடத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது காலியான சீட்டு மட்டும்தான். சயிங் அவர் பக்கம் திரும்பி, மூன்று வருஷத்துக்கு முன்பு எப்படி அதட்டுவாளோ அப்படி அதட்டினாள்.

“பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, கதவத் தொறந்து விடுங்க. புள்ள எறங்கணும்ல.”

அவர் ஓடிப்போய்த் திறந்தார்.