சந்ததி எழுந்து நிற்கவும்

எங்கள் பள்ளத்தாக்கில் யாராவது இறந்துவிட்டால், சமையலுக்குச் சொல்லும் முன்பே எனக்குச் சொல்லியனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக, சபையில் இறந்துபோகிறவர்களுக்கெல்லாம் இரங்கல் குறிப்பு எழுதுவது என் தலையில் விழுந்தது. பிறப்பு, ஞானஸ்நானம், கோயிலில் நடந்த திருமணம் என்று வரிசையாக எழுதி, கடைசியில் சந்ததி வாக்கியத்தைப் போட்டு முடிப்பேன். இன்னாரின் சந்ததி இத்தனை பிள்ளைகள், இத்தனை பேரர்கள், கொள்ளுப்பேரர்கள் என்று. யூட்டாவின் இந்த மூலையில் வைக்கோல் கட்டுகளைக்கூட இவ்வளவு பெருமையாக யாரும் எண்ணமாட்டார்கள். என் பேரப்பிள்ளைகளில் பாதிப் பேரை நான் பெயர் மாற்றித்தான் கூப்பிடுகிறேன். ஆனாலும் எண்ணிக்கையில் நான் குறைந்தவள் இல்லை.

ரீவா இறந்த மறுநாள் அவள் கணவர் தெய்ன் யோர்கன்சனின் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மனைவியின் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார் மனிதர். மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது.

"சந்ததி பத்தி ஒரு வரி போடணும், ஆர்வில்லா சிஸ்டர்."

"என்னன்னு போட?"

"ரீவா தன் சந்ததிக்கு நல்ல முன்மாதிரியா இருந்தா. இப்படிப் போடலாமா?"

"போடலாம். ஆனா அடுத்த வரியில பேரு வரணும். வெறுஞ்சந்ததின்னு யாருக்கு நான் இதுவரைக்கும் எழுதியிருக்கேன்? ஊரே கேக்கும்."

"மக கமில் பேரு போடுங்க. அவ பசங்க ரெண்டு பேரு."

"அவனுங்க பேரு என்ன?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரீவாவுக்குத் தெரியும் என்றார். அவள் வாரம் தவறாமல் அந்த ஒரே மகளோடு பேசுவாளாம், இவர் தொழுவத்துக்குப் போன நேரமாகப் பார்த்து. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேரன்களின் பெயரைக் கேட்காமலே காலம் தள்ளியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போயிருப்பேன். ரீவாவின் முகத்துக்காக உட்கார்ந்தேன்.

"ஃபோன் போட்டுக் கேளுங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றேன்.

காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். மகளின் குரல் அறையெங்கும் கேட்டது.

"கமில், அப்பா பேசுறேம்மா. பேப்பர்ல அம்மா பத்திப் போடுறோம். பசங்க பேரு வேணும்."

"எதுக்கு?"

"சந்ததின்னு எழுதினா பேரு எழுதணும்ல. ஆர்வில்லா சிஸ்டர் சொல்றாங்க."

என்னை ஏன் இழுக்கிறார் என்று நினைத்தேன்.

"தாத்தாவோட தொண்ணூறாவது பொறந்தநாளுக்கு எல்லாரும் நின்னு போட்டோ எடுத்தீங்களே. நான் வயித்தப் புடிச்சிக்கிட்டு ஓரத்துல நின்னேன். கையில கல்யாண மோதிரம் இல்ல. 'இது சந்ததி நிக்கிற வரிசை, நீ அந்தப் பக்கம் போ'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னது யாருப்பா?"

"நாந்தான்."

"அப்ப வயித்துல இருந்தவன்தான் பெரியவன். இன்னிக்கு அவன் பேரு எதுக்கு உங்களுக்கு?"

"கமில்..."

"அடக்கத்துக்கு வருவேன். அம்மாவுக்காக. பசங்க பேரு பேப்பர்ல வரக்கூடாது."

வைத்துவிட்டாள். அவர் தொலைபேசியைத் துணியால் துடைத்து மேசையில் வைத்தார். 'ரீவாவின் சந்ததி அவரை என்றும் நினைவில் வைத்திருக்கும்' என்று நானே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். சரியான வாக்கியம். அதை எழுதும்போது எனக்கு வெறுப்பாக இருந்தது.

மனிதர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது சந்ததியை எழுந்து நிற்கச் சொல்வது உண்டு. பெரிய குடும்பம் என்றால் பாதிக் கூடம் எழும். இவர் யாரிடமும் சொல்லாமல் பிஷப்பிடம் போய், ரீவாவுக்கும் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மேடையிலிருந்து கூப்பிட்டால் கமில் எழாமல் இருக்கமாட்டாள் என்று நம்பியிருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை. எங்கள் சபையில் பிஷப் என்பது ஊர்க்காரர்களில் ஒருவர் சில வருடம் ஏற்றுப் பார்க்கும் பொறுப்புதான். இப்போதிருப்பவன் போன வருடம்தான் இந்த ஊருக்கு வந்த பையன். அவனுக்கு எந்தக் கதையும் தெரியாது.

கமில் வந்திருந்தாள். குடும்பத்துக்கு ஒதுக்கிய முன்வரிசைக்கு வராமல், மடக்குக் கதவை ஒட்டிக் கடைசியில் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில், இரண்டு பையன்களை இரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்வரிசையில் தெய்ன் தனியாக இருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்ப ரீவா சிஸ்டரோட சந்ததி எல்லாரும் எழுந்து நிக்கணும்னு கேட்டுக்கிறேன்" என்றான் பிஷப், சிரித்த முகமாக.

யாரும் எழவில்லை. தெய்ன் உடம்பு முழுவதையும் திருப்பிப் பின்னால் பார்த்தார். கூடமே திரும்பியது. கமில் மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதியில் சின்னவன் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"யார எழுந்திரிக்கச் சொல்றாங்கம்மா?"

"நம்மள இல்லடா."

பிஷப் காகிதத்தைப் புரட்டினான். ஆர்கன் வாசிக்கிற பெண் நல்லவள். கேட்காமலே அடுத்த பாட்டைத் தொடங்கினாள். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

கல்லறையில் ஜெபம் முடிவதற்குள் கமிலின் கார் நெடுஞ்சாலை ஏறிவிட்டது. சபைக் கூடத்தில் எல்லோரும் பன்றி இறைச்சியும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் தட்டில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெய்ன் கைபடாத தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவரைத் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். முகத்தைப் பார்த்ததும் ஒரு முள்கரண்டியை எடுத்து அவர் தட்டருகே வைத்தேன்.

"எனக்குச் சரியாக் காது கேக்கல, சிஸ்டர். அவ அந்தச் சின்னப் பையன்கிட்ட ஏதோ சொன்னாளே."

"ஆமா."

"பேரு சொல்லிக் கூப்பிட்டாளா?"

"இல்ல தெய்ன். பேரு சொல்லல."

அவர் தலையாட்டினார். எதிர்மேசையில் யாரோ உப்புக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தார்.